இரண்டு வருடம் மட்டும்

"ஒரு ரெண்டு வருசம் மிலிட்டரி கையில குடுத்துப் பாக்கணும் அண்ணாச்சி, எல்லாம் தன்னால நேராயிரும்." இந்தப் பேச்சு என்னை விடுவதாக இல்லை. விருதுநகர் மாவட்டத்தில் எங்கள் ஊரான மம்சாபுரத்தில், டீக்கடையில் இதைச் சொல்கிறவர்கள் யாரும் முரடர்கள் கிடையாது. கண்மாய் பெருகாத வருடங்களில் மனு எழுதி எழுதி ஓய்ந்தவர்கள், ஒரு பட்டா மாறுதலுக்காக அலுவலக வாசல்களில் கால் கடுக்க நின்றவர்கள், மாங்காய் இறங்கும் பருவத்தில் தரகர் சொன்ன விலைக்குத் தலையாட்டிவிட்டு வீடு திரும்புகிறவர்கள். வெளிநாட்டில் எங்கோ ராணுவம் ஆட்சியைப் பிடித்துவிட்டது என்று செய்தி வரும்போதெல்லாம் இந்தப் பேச்சு எழும். 2016 ஜூலையில் துருக்கியில் அந்த முயற்சி ஓர் இரவோடு தோற்றபோது கேட்டேன். 2021 பிப்ரவரி 1 அன்று மியான்மரில் அது வென்றபோது கேட்டேன். 2024 ஆகஸ்டில் வங்கதேசப் பிரதமர் நாட்டை விட்டுப் பறந்து, டாக்காவில் ராணுவத் தளபதி தொலைக்காட்சியில் தோன்றிப் பேசியபோதும் கேட்டேன். முதலில் ஒரு வியப்பு, பிறகு அந்த நாடு எந்தத் திசையில் இருக்கிறது என்று ஒரு விசாரணை, அதற்குப் பிறகு பேச்சு நேராக நம் ஊருக்கு வந்துவிடும். இங்கேயும் அப்படி ஒன்று நடந்தால் என்ன என்று. அடுத்த நாட்டுக்காரரின் துயரம் நம் ஊர்க் கனவாக மாறுவதற்கு ஒரு டீ ஆறுகிற நேரம் போதுமானதாக இருக்கிறது. சொல்கிறவரின் குரலில் பகை இருந்தால் எதிர்த்துப் பேசிவிடலாம். அதில் இருப்பது களைப்பு. களைத்த மனிதரிடம் எதைச் சொல்லி மறுப்பது என்பதுதான் என்னை உறுத்திக்கொண்டிருக்கிறது.

மியான்மர் என்று எங்கள் பக்கத்தில் யாரும் சொல்வதில்லை. பர்மாதான். பழைய வீடுகளின் நிலைக்கதவைத் தட்டிக்காட்டி, பர்மாத் தேக்கு என்பார்கள். உளி படாத மாதிரி வழவழப்பு, கோடையில் தொட்டால் உள்ளங்கைக்குக் குளிர்ச்சி. அதைவிட நெருக்கமான உறவு உளுந்து வழியாக வருவது. விருதுநகர் மார்க்கெட் நிலவரம் என்று நாளிதழ்களில் வரும் பட்டியலில் நாட்டு உளுந்துக்கு ஒரு விலை, பர்மா உளுந்துக்கு ஒரு விலை என்று தனித்தனியாக இருக்கும். இந்தியா வெளியிலிருந்து வாங்குகிற உளுந்தில் மிகப் பெரும்பகுதி அந்த ஒரு நாட்டிலிருந்து வருகிறது. 2021 பிப்ரவரியில் ரங்கூன் துறைமுகத்திலும் வங்கிகளிலும் வேலைநிறுத்தம் தொடங்கியபோது, எங்கள் மளிகைக்கடைகளில் அந்தச் செய்தி, "பர்மாவுல பிரச்சனையாம், உளுந்து ஏறும்" என்ற வடிவத்தில்தான் வந்து சேர்ந்தது. இதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. இட்லி மாவு விற்றுப் பிழைக்கிற ஒரு பெண்ணுக்கு உலகச் செய்தி அப்படித்தான் வந்தாக வேண்டும். அதே ஆண்டு ஜூனில், ஐந்து ஆண்டுகளுக்கு வருடம்தோறும் இரண்டரை லட்சம் டன் உளுந்தும் ஒரு லட்சம் டன் துவரையும் மியான்மரிலிருந்து வாங்குவதற்கு நம் அரசு ஒப்பந்தம் போட்டுக்கொண்டது. துவரை விளைகிற சகாயிங் வட்டாரத்தில் பிறகு ராணுவம் ஊர் ஊராகக் கொளுத்தியது. கொளுத்தப்பட்ட ஊரின் துவரை நம் உலையில் வெந்திருக்காது என்று என்னால் உறுதியாக எண்ண முடியவில்லை. ஆனாலும் இந்தக் கட்டுரை உளுந்தைப் பற்றியோ துவரையைப் பற்றியோ அல்ல. விலை வழியாக வருகிற செய்தி, ஆசை வழியாக வருகிற செய்தியைப் போல மனத்தைக் கெடுப்பதில்லை. விலை ஏறினால் மறுபடி இறங்கும். "ரெண்டு வருசம் மட்டும்" என்ற ஆசை அப்படியே உட்கார்ந்திருக்கிறது.

அந்த ஆசை, வார்த்தை பிசகாமல் நிறைவேற்றப்பட்ட ஓர் ஊர் உண்டு. அது ரங்கூன்தான். 1958-இல் பர்மாவின் ஆளும் கட்சி இரண்டாக உடைந்து, பிரதமர் ஊ நூ நாடாளுமன்றத்தில் நூலிழையில் தொங்கிக்கொண்டிருந்தார். மலைப்பகுதிகளில் கிளர்ச்சி, நகரத்தில் குப்பை, தெருநாய், கள்ளச்சந்தை, போக்கிடமில்லாமல் குடிசை போட்டுக்கொண்ட லட்சக்கணக்கான அகதிகள். அந்த அக்டோபரில் தளபதி நீ வின் பொறுப்பை ஏற்றுக்கொள்ளும்படி ஊ நூவே கேட்டுக்கொண்டதாக ஓர் ஏற்பாடு. அழைப்பா நிர்ப்பந்தமா என்று இன்றும் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். (அதே மாதம் பாகிஸ்தானில் அயூப் கான் வந்தார் என்பதையும் சேர்த்து நினைத்துக்கொள்ள வேண்டும், ஆசியாவின் காற்று அப்படி இருந்தது.) ராணுவம் வேலையைத் தொடங்கியது. தெருக்கள் கழுவப்பட்டன. விலைகள் இறங்கின. அலுவலகங்களில் ஆட்கள் நேரத்துக்கு வந்தார்கள். ஒன்றரை லட்சத்துக்கும் மேலான குடிசைவாசிகள் நகரத்துக்கு வெளியே தாக்கேட்டா, வடக்கு ஒக்கலப்பா, தெற்கு ஒக்கலப்பா என்ற புதிய குடியிருப்புகளுக்குப் பெயர்க்கப்பட்டார்கள். வாக்குக் கொடுத்தபடி 1960 பிப்ரவரியில் தேர்தலும் நடத்தினார்கள். ராணுவம் விரும்பிய கட்சி அதில் தோற்றது, ஊ நூ பெருவெற்றி பெற்றார், தளபதி ஆட்சியை ஒப்படைத்துவிட்டுப் பாசறைக்குத் திரும்பினார். எங்கள் டீக்கடையில் கேட்கிற கனவின் கடைசி வரி வரைக்கும் அங்கே நடந்திருக்கிறது. வந்தார்கள், சுத்தம் செய்தார்கள், போய்விட்டார்கள். நிர்வாகம் என்ற அளவில் பார்த்தால் அந்த ஆட்சி நல்ல ஆட்சி என்று அன்றைக்கு உலகமே பாராட்டியது. அந்தப் பாராட்டைப் பொய் என்று நான் தள்ள மாட்டேன். அதனால்தான் எனக்குப் பயமாக இருக்கிறது. கெட்டுப்போன கதையைச் சொல்லி ஒருவரை எச்சரிப்பது எளிது. முதல் தடவை எல்லாம் நன்றாகவே நடந்த கதையை என்ன செய்வது?

நன்றாக நடந்ததால் ஒரு விஷயம் பழகிப்போயிற்று. ஆட்சியைக் கையில் எடுப்பது எப்படி என்று ராணுவம் கற்றுக்கொண்டது. எடுத்தால் ஒன்றும் ஆகாது என்று மக்கள் கற்றுக்கொண்டார்கள். 1962 மார்ச் 1 இரவு நீ வின் ரங்கூனில் சீன நடனக் குழு ஒன்றின் நிகழ்ச்சியைப் பார்த்துவிட்டுப் போனார். மறுநாள் விடிவதற்குள் பிரதமரும் அமைச்சர்களும் கைதாகியிருந்தார்கள். அந்த இரவில் செத்தது ஒரே ஓர் உயிர் என்பார்கள்: சுதந்திர பர்மாவின் முதல் குடியரசுத் தலைவர் சாவ் ஷ்வே தைக்கின் பதினேழு வயது மகன். தகப்பனார் அந்த ஆண்டு முடிவதற்குள் சிறையிலேயே இறந்தார். காலையில் வானொலியில் சுருக்கமாக ஓர் அறிவிப்பு, நாட்டின் நிலைமை மிகவும் சீர்கெட்டுவிட்டதால் படைகள் பொறுப்பை ஏற்றுள்ளன என்று. ஊர் கொதிக்கவில்லை. இதற்கு முன்னும் வந்தார்கள், போனார்கள், இப்போதும் அப்படித்தான் என்றுதான் பலர் நினைத்தார்கள். நான்கு மாதம் கழித்து ஜூலை 7-ஆம் தேதி பல்கலைக்கழக மாணவர்களைச் சுட்டார்கள். அடுத்த நாள் விடியலில் மாணவர் சங்கக் கட்டடத்தை வெடிவைத்துத் தகர்த்தார்கள். வெள்ளைக்காரனை எதிர்த்து ஆங் சான் தலைமுறை எழுந்து நின்று பேசிய கட்டடம் அது. குடிசையிலிருந்து பெயர்த்துக் கொண்டுபோய் வைக்கப்பட்ட அந்த வடக்கு ஒக்கலப்பாவில் 1988-இல் ராணுவம் சுட்டது. 2021 மார்ச் 3 அன்று அங்கேயே மறுபடி சுட்டது. சுத்தம் செய்யப்பட்டது யாரை என்று தெரிந்துகொள்ள முப்பது வருடம், அறுபது வருடம் ஆகிவிடுகிறது.

ரங்கூன் தெருக்களில் 1962-இன் அந்த மார்ச் 2 அன்று தமிழர் கடைகள் திறந்திருந்திருக்கும். மொகல் தெருப் பக்கம் வட்டிக்கடைகள், மளிகைக்கடைகள், துணிக்கடைகள். துறைமுகத்தில் மூட்டை இறக்குகிறவர்கள். ஆற்றுமுகத்து நிலங்களில் நெல் அறுக்கிறவர்கள். அதற்கு இருபது வருடத்துக்கு முன்னால், ஜப்பான்காரன் குண்டு போட்டபோது, லட்சக்கணக்கானவர்கள் அரக்கான் மலை வழியாகவும் மணிப்பூர் வழியாகவும் நடந்தே வந்தார்கள். வெ. சாமிநாத சர்மா தன் நடைப்பயணத்தைப் புத்தகமாகவே எழுதிவைத்திருக்கிறார். அந்த நடையில் சாகாமல் தப்பித்து, போர் முடிந்ததும் திரும்பிப் போய்ச் சிதறியதைச் சேர்த்துக்கட்டியவர்கள்தான் 1962-இல் அங்கே இருந்தார்கள். போரைப் பார்த்த கண்ணுக்கு இந்த ஆட்சிமாற்றம் பெரிதாகப் பட்டிருக்க நியாயமில்லை. குண்டு விழவில்லை, ரயில் நிற்கவில்லை, கடை திறக்கிறது. எங்கள் ஊர்ப் பக்கத்து முதியவர் ஒருவர், சிறுவனாகக் கப்பலில் வந்து இறங்கியவர், என்னிடம் சொன்னது இது: "புடிச்ச அன்னைக்கு ஒண்ணும் தெரியல தம்பி. ரெண்டு வருசம் களிச்சுத்தான் எங்க கடை வாசலுக்கு வந்துச்சு." 1963 பிப்ரவரியில் வங்கிகளை அரசு எடுத்துக்கொண்டது. 1964 மார்ச் 19 அன்று ரங்கூன் கடைகளுக்குள் ராணுவத்தினர் நுழைந்து சரக்கைக் கணக்கெடுத்து, வாசலில் மக்கள் கடை என்று எண் போட்ட பலகையை மாட்டினார்கள். உப்பு, புளி, சீலை, சீயக்காய் எல்லாம் அரசுடைமை. அதற்குப் பிறகும் கையிருப்பாகக் கொஞ்சம் பணம் வைத்திருந்தவர்களுக்கு, மே 17 அன்று ஐம்பது, நூறு கியாட் நோட்டுகள் செல்லாது என்ற அறிவிப்பு. அந்தப் பத்தாண்டில் சுமார் மூன்று லட்சம் இந்தியர்கள் பர்மாவை விட்டு வெளியேறினார்கள். நகை கொண்டுபோகக் கூடாது, பணம் கொண்டுபோகக் கூடாது. சென்னைத் துறைமுகத்தில் இறங்கியவர்களிடம் இருந்தது பேச்சு மட்டும்: பாதி தமிழ், பாதி பர்மியம்.

அவர்களுக்காகத் தமிழ்நாட்டில் செய்யப்பட்டவை சின்னச் சின்னக் காரியங்கள். அவை இன்றும் நம் கண்முன் நிற்கின்றன. காரைக்குடியிலும் திருச்சியிலும் சென்னை வியாசர்பாடியிலும் பர்மாக்காரர் குடியிருப்புகள். 1969-இல் சென்னைக் கடற்கரை ரயில் நிலையத்தை ஒட்டிய சாலையோரத்தில் வரிசையாகக் கடை போட இடம் கொடுத்தார்கள். அதுதான் பர்மா பஜார். அதே ஆண்டு தொடங்கப்பட்ட ரெப்கோ வங்கியின் பெயர்ப்பலகையை ஊர் ஊராகப் பார்க்கிறோம். பர்மாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வந்தவர்களுக்குக் கைமாற்றுக் கொடுக்கத் தொடங்கிய வங்கி என்பது பலருக்கு மறந்துவிட்டது. பாரிமுனைப் பக்கம் சாயங்காலத்தில் அத்தோ போடும் தள்ளுவண்டியில் நின்றிருக்கிறேன். ஆரஞ்சு நிற நூடுல்ஸைக் கையாலேயே பிசைந்து, முட்டைக்கோஸ், வெங்காயம், வறுத்த பூண்டு, புளித்தண்ணீர், மிளகாய்த்தூள் சேர்த்து, எலுமிச்சை பிழிந்து, பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் வாழைத்தண்டு சூப்பும் வைத்துக் கொடுப்பார்கள். முதல் வாயிலேயே மூக்கில் நீர் வரும் உறைப்பு. அங்கே சாப்பிடுகிற கல்லூரிப் பிள்ளைகள் அதை ஒரு புது ருசி என்று படம் பிடிக்கிறார்கள். பிடிக்கட்டும். ருசி தன் காரணத்தைச் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. ஆனால் எங்கள் டீக்கடை வாக்கியத்தைக் கேட்கும்போதெல்லாம், அந்த வாழைத்தண்டு சூப்பின் ஆவி என் முகத்தில் வந்து அடிக்கிறது.

இங்கே எனக்கே ஒரு தடை எழுகிறது. அதைத் தாண்டிக்கொண்டு போக முடியாது. 1962-இல் இன்னொரு கடலோரத்திலும் இதே முயற்சி நடந்தது. ஜனவரி 27 இரவு கொழும்பில், போலீஸ், ராணுவ உயரதிகாரிகள் சிலர் சிறிமாவோ பண்டாரநாயக்க அரசைக் கவிழ்க்கத் திட்டம் போட்டிருந்தார்கள். திட்டத்தில் இருந்த ஓர் அதிகாரி வழியாகச் செய்தி வெளியே போய், நேரம் வருவதற்கு முன்பே அகப்பட்டுக்கொண்டார்கள். ஒரு துப்பாக்கியும் வெடிக்கவில்லை. ரங்கூனில் வெல்வதற்கு ஐந்து வாரம் முன்னால் கொழும்பில் தோற்றது. அப்படியானால் இலங்கைத் தமிழனுக்கு, குறிப்பாக நம் மாவட்டங்களிலிருந்து போன தேயிலைத் தோட்டத்துத் தமிழனுக்கு, நல்லது நடந்திருக்க வேண்டும் அல்லவா? அங்கே 1948-லேயே, வாக்குப் போட்டுத் தேர்ந்தெடுத்த நாடாளுமன்றம்தான் அவர்கள் குடியுரிமையைப் பறித்தது. ரங்கூன் கடைகளில் எண்பலகை மாட்டப்பட்ட அதே 1964-இல், அக்டோபர் 30 அன்று, இரண்டு தேர்தல் அரசுகளின் பிரதமர்கள் உட்கார்ந்து கையெழுத்திட்டதுதான் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம். ஐந்தேகால் லட்சம் பேர் இந்தியாவுக்கு, மூன்று லட்சம் பேர் இலங்கைக்கு, மீதி ஒன்றரை லட்சம் பேரைப் பற்றிப் பிறகு பேசலாம். ஆட்களைக் கேட்காமல் ஆட்களைப் பங்கு வைத்தார்கள். ராமேஸ்வரத்தில் கப்பலிலிருந்து இறங்கிய தாயிடம் போய், அம்மா, உங்களை வெளியேற்றியது ஜனநாயகம், ரங்கூன்காரர்களை வெளியேற்றியது ராணுவம், வித்தியாசம் இருக்கிறது என்று சொல்கிற தைரியம் எனக்கு இல்லை. டீக்கடையில் ஒருவர் இதைத் தெரிந்துவைத்துக்கொண்டு என்னைக் கேட்டால் தலைகுனிந்துதான் நிற்பேன்.

ஆனாலும் நின்று யோசித்தால் ஒன்று தட்டுப்படுகிறது. கொழும்புச் சதிகாரர்களைத் தண்டிப்பதற்காகவே இலங்கை நாடாளுமன்றம் பின்தேதியிட்டு ஒரு சட்டம் இயற்றியது. அதன்படி பதினொரு பேருக்குத் தண்டனை விழுந்தது. மேல்முறையீட்டில், 1965 டிசம்பரில், லண்டன் பிரிவி கவுன்சில் அந்தச் சட்டமே செல்லாது என்று சொல்லி அவர்களை விடுவித்தது. குறிப்பிட்ட ஆட்களைக் குறிவைத்து எழுதும் சட்டம் தீர்ப்பு எழுதுவதற்குச் சமம், அது நீதிமன்றத்தின் வேலை என்பது வாதம். அரசைக் கவிழ்க்கப் பார்த்தவர்களுக்கே அந்தக் கதவு திறந்திருந்தது. அவர்கள் வென்றிருந்தால் யாருக்கும் திறந்திருக்காது. மலையகத் தமிழரின் வழக்கும் அப்படித்தான், இழுத்து இழுத்து, தொழிற்சங்கமாக, தேர்தல் பேரமாக, பேச்சுவார்த்தையாக நடந்து, 2003-இல் மிச்சமிருந்தவர்களுக்குக் குடியுரிமை தரும் சட்டமாக வந்து முடிந்தது. ஐம்பத்தைந்து வருடம். அநியாயமான தாமதம், ஒரு தலைமுறையின் ஆயுள் அதில் போயிற்று. பர்மாவில் 1982-இல் நீ வின் அரசு கொண்டுவந்த குடியுரிமைச் சட்டம் மக்களை மூன்று அடுக்காகப் பிரித்து, வெள்ளைக்காரன் வருவதற்கு முன்பே அங்கிருந்த இனங்களுக்கு முதல் அடுக்கு என்று வைத்தது. அங்கே தங்கிவிட்ட தமிழரின் பேரப்பிள்ளைகள் இன்றும் அடையாள அட்டைக்கு அலைகிறார்கள். யாரிடம் பேரம் பேசுவது? எந்தக் கட்சிக்கு அவர்கள் வாக்கு தேவை? இரண்டு நாட்டிலும் தமிழன் இழந்தான் என்பது உண்மை. ஒரு நாட்டில் இழந்ததைக் கேட்பதற்கு ஓர் இடம் மிச்சமிருந்தது என்பதும் உண்மை. இந்த இரண்டாவது உண்மை முதலாவதை ஆற்றாது. அதைச் சொல்லும்போது என் குரல் தாழ்ந்துதான் இருக்க வேண்டும்.

2021-க்கு வருகிறேன். முந்தைய நவம்பர் தேர்தலில் 476 இடங்களில் 396-ஐ ஆங் சான் சூகியின் கட்சி வென்றிருந்தது. புதிய நாடாளுமன்றம் கூடவிருந்த காலையில் படைகள் வந்தன. அந்தக் காலையைத்தான் எங்கள் ஊரில் பலரும் கைப்பேசியில் பார்த்தார்கள்: தலைநகர் நேப்பியிடோவின் சாலையில் ஒரு பெண் உடற்பயிற்சி நடனம் ஆடிக்கொண்டிருக்கிறாள், அவள் முதுகுக்குப் பின்னால் கறுப்பு வண்டிகள் நாடாளுமன்றத்தை நோக்கி வரிசையாகப் போகின்றன. சிரிப்புப் படமாகத்தான் அது வந்து சேர்ந்தது. அடுத்தடுத்த இரவுகளில் ரங்கூன்காரர்கள் எட்டு மணிக்குச் சட்டியையும் பானையையும் தட்டினார்கள். பேய் விரட்டுவதற்கு அவர்கள் வழக்கமாகச் செய்வது. கொரோனாவுக்கு நாம் தட்டியதைப் போலவா என்று கேட்டார்கள் இங்கே. கேள்வி வெள்ளந்தியானது. மருத்துவர்களும் செவிலியர்களும் முதலில் வேலையை விட்டு வெளியேறினார்கள். தெருவில் காயம்பட்டவர்களுக்குத் தெருவிலேயே கட்டுப்போட்டார்கள். எங்களுக்குப் பக்கத்தில் சத்திரப்பட்டியில் வீட்டுக்கு வீடு தறி. மருத்துவமனைகளுக்குப் போகும் பேண்டேஜ் துணி அங்கேதான் நெய்யப்படுகிறது. அந்த வழியாகப் போகும்போது தறிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு, இந்தத் துணி எந்த ஊர்க் காயத்தைச் சுற்றும் என்று நினைத்துக்கொண்டே போவேன். மார்ச் 27, அந்த நாட்டின் படைகள் தினம். அன்று ஒரே நாளில் நூறு பேருக்கு மேல் கொன்றார்கள். அன்று காலை அணிவகுப்பு மேடையில் பிரதிநிதியை அமர்த்திய எட்டு நாடுகளில் இந்தியாவும் ஒன்று. அதே மாதத்தில் எல்லை தாண்டி வருகிறவர்களைத் தடுக்கச் சொல்லி வடகிழக்கு மாநிலங்களுக்கு டெல்லியிலிருந்து கடிதம் போனது. மிசோரம் மக்கள் கேட்கவில்லை. தேவாலயங்களையும் பள்ளிக்கூடங்களையும் சொந்த வீட்டுத் திண்ணைகளையும் திறந்துவிட்டார்கள். நாட்டில் யாராவது ஒருவர் சரியாகச் செய்தார்கள் என்றால் அவர்கள்தான். தமிழ்நாடு 1964-இல் கப்பலடிக்குப் போய் நின்ற மாநிலம். 2021-இல் நாம் நின்றிருக்க வேண்டிய இடத்தில் அவர்கள் நின்றார்கள்.

நமக்குச் சம்பந்தம் இல்லை என்று சொல்லவும் வழியில்லை. மணிப்பூரின் மோரே ஊரில் தமிழர்கள் இருக்கிறார்கள். அறுபதுகளில் துரத்தப்பட்டவர்களில் சிலர் தமிழ்நாட்டில் பிழைக்க வழியில்லாமல், விட்டுவந்த பர்மாவுக்கே நடந்து திரும்பப் பார்த்து, எல்லையில் மறிக்கப்பட்டு அங்கேயே தங்கியவர்கள். அங்காளபரமேஸ்வரிக்கு வண்ணக் கோபுரத்தோடு கோயில் எழுப்பியிருக்கிறார்கள். 2022 ஜூலையில் அந்த ஊர்த் தமிழ் இளைஞர்கள் இருவர் எல்லைக்கு அந்தப்பக்கம் தமு நகரத்துக்குப் போனபோது சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதே ஆண்டு அக்டோபரில், தாய்லாந்தில் கணினி வேலை என்று ஏமாற்றி மியான்மரின் மியாவாடிக்குக் கடத்தப்பட்டிருந்த தமிழ்நாட்டு இளைஞர்கள் மீட்கப்பட்டுச் சென்னை வந்து இறங்கினார்கள். சட்டம் போன இடத்தில் முளைத்த மோசடிக் கூடாரங்கள் அவை. அந்த வேலைக்கான விளம்பரம் ராஜபாளையத்துப் பையன் கைப்பேசிக்கும் வரும்.

நம் ராணுவம் அப்படிச் செய்யாது என்று சிலர் பதில் சொல்வார்கள். விடுமுறையில் பச்சைப் பெட்டியோடு வந்து இறங்கும் ஜவானை நினைத்துச் சொல்வது. அவர்மேல் எனக்கும் அந்த மரியாதை உண்டு. ஆனால் அது சீருடைக்குள் தானாகப் பிறந்த குணம் இல்லை, ஏற்பாடு. வெள்ளைக்காரத் தளபதி குடியிருந்த டெல்லி மாளிகையில் சுதந்திரத்துக்குப் பின் பிரதமர் குடியேறினார். முப்படைக்கும் ஆணையிடும் ஒரே தலைமைத் தளபதி என்றிருந்த வெள்ளைக்காரக் காலத்துப் பதவியும் சுதந்திரத்தோடு எடுக்கப்பட்டது. இப்படிப் பல சிறு முடிச்சுகள். அவை அவிழ்ந்தால் என்ன ஆகும் என்று பார்க்க ஆசைப்படும் பேச்சுதான் அந்த "ரெண்டு வருசம்".

இந்த ஆசைக்கு எங்கள் மாவட்டத்தில் தனியாக ஒரு வேர் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். பேச்சு முற்றும்போது யாராவது ஒருவர் சொல்லிவிடுவார்: "காமராஜரையே தோக்கடிச்ச ஓட்டுதான அண்ணாச்சி இது?" அந்த இடத்தில் பேச்சு நின்றுபோகும். 1967-இல் விருதுநகரில், தன் சொந்த ஊரில், ஒரு மாணவர் தலைவரிடம் ஆயிரத்துச் சொச்சம் வாக்கில் அவர் தோற்றார். பள்ளிக்கூடம் கொடுத்தவர், சோறு கொடுத்தவர், சொத்து சேர்க்காதவர். அந்தத் தோல்வியை மன்னிக்காத பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நல்லவரை அடையாளம் தெரியாத வாக்கின்மேல் இருந்த நம்பிக்கை அன்றைக்கு அவர்களுக்கு விட்டுப்போனது. அதற்கும் முன்னால் 1952-இல், சென்னை மாகாண முதலமைச்சராக இருந்த ராஜபாளையத்து பூ. ச. குமாரசாமி ராஜா, வீட்டு வாசலில் இருக்கும் ஸ்ரீவில்லிபுத்தூர்த் தொகுதியில் தோற்றார். தன் வீட்டையே காந்தி கலை மன்றத்துக்கு எழுதிக்கொடுத்த மனிதர். நல்லவர்கள் தோற்றதைப் பார்த்த மண் இது. வாக்கு நல்லவரைத்தான் தேர்ந்தெடுக்கும் என்று இங்கே யாரிடமும் பொய் சொல்லி ஜெயிக்க முடியாது. நான் சொல்வதுமில்லை. ஆனால் தோற்ற மறுநாள் விருதுநகரில் என்ன நடந்தது என்று கேட்கிறேன். கடை திறந்தது. யாரையும் பிடித்துக்கொண்டு போகவில்லை. அன்றைக்கு அவர் வெறும் வேட்பாளர் இல்லை, அகில இந்தியக் காங்கிரஸின் தலைவர். நேருவுக்குப் பின்னும் சாஸ்திரிக்குப் பின்னும் டெல்லியில் பிரதமரை அமர்த்திய கை. அந்தக் கை வேறு எதையும் எட்டிப் பிடிக்கவில்லை. நாகர்கோவிலில் இடைத்தேர்தல் வந்தது. 1969 ஜனவரியில் அங்கே போய், தெருத்தெருவாக, மறுபடி ஓட்டுக் கேட்டார்.